ஆரஞ்சுச் சட்டையும் புது மானிட்டரும்

என் மருமகள் கண் செய்கிறவள். கண்ணாடி இல்லை, கண் மை இல்லை, கண்ணையே செய்கிறவள். விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணைப் பறிகொடுத்தவர்களுக்கு, மிச்சமிருக்கிற கண்ணைப் பார்த்து அதற்கு ஜோடி செய்து கொடுப்பாள். அந்தக் கண்ணுக்குப் பார்வை கிடையாது. ஆனால் எதிரே நிற்கிற மனிதர் சங்கடப்படாமல் முகத்தைப் பார்த்துப் பேசுவார். அது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் ஒரு வாரம் ஒற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வரட்டும், பிறகு என்னிடம் பேசட்டும்.

இந்த வீட்டுக்கு அவள் வந்து இருபத்திரண்டு வருஷம். வரும்போது ஒரு ஸ்டூடியோவில் வேலை. எடுத்த படத்தில் பருவை அழிப்பாள், கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையத்தைத் துடைப்பாள். வந்த முதல் வாரமே எனக்கும் அவளுக்கும் சண்டை. கூடத்துக்கு அடிக்க என் மகன் வெள்ளைப் பெயிண்ட் வாங்கி வந்தான். இவள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, “இது வெள்ளை இல்லையே, நீலம் கலந்திருக்கே” என்றாள். நான் சலவை நிலையத்தில் முப்பது வருஷம் துணி தேய்த்தவள். ஆஸ்பத்திரி விரிப்பு, ஹோட்டல் விரிப்பு, டாக்டர் கோட்டு என்று நான் பார்க்காத வெள்ளையா? “வெள்ளையப் பத்தி எனக்கே பாடமா?” என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டேன். பெயிண்டை அடித்தோம். காய்ந்ததும் சுவர் இளநீலமாக நின்றது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன், பேத்தி, நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்: அது நீலம்தான்.

கண் செய்யும் வேலைக்கு அவள் போனதும் அந்த ஸ்டூடியோவிலிருந்துதான். ஒரு பெரியவர் படம் எடுக்க வந்தாராம். அவருக்கு வலது கண் இல்லை. படத்திலாவது கண் வைத்துக் கொடு என்று கேட்டிருக்கிறார். இவள் இடது கண்ணையே எடுத்துத் திருப்பிப் போட்டு, வெளிச்சப் புள்ளியை மட்டும் இடம் மாற்றி, படத்தை முடித்துக் கொடுத்தாள். அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு, “இந்தப் படத்துல இருக்கற கண்ணை எனக்கே வெச்சுவிட முடியாதாம்மா?” என்றாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவே இல்லை. யார் யாரையோ விசாரித்தாள். கண் செய்கிற ஓர் ஆஸ்பத்திரிக் கூடத்தில் இரண்டு வருஷம் கற்றுக்கொண்டாள். அப்புறம் எங்கள் வீட்டு முன்னறையைக் கேட்டாள்.

கொடுத்தேன். கொடுத்தது தப்போ என்று முதல் நாளே தோன்றியது. சுவர் முழுக்கச் சாம்பல் நிறம் அடித்தாள். திரைச்சீலை சாம்பல். மேஜை விரிப்பு சாம்பல். அவள் போட்டுக்கொள்கிற நீளமான கோட்டும் சாம்பல். அடுப்பைத் தோண்டி அள்ளிப் பூசியது போல ஒரு அறை.

“என்னம்மா இது, துக்க வீடு மாதிரி?” என்று கேட்டேன்.

“அத்தை, சுவர்ல ஒரு நிறம் இருந்தா அது கண்ணுக்குள்ள வந்து உக்காந்துக்கும். அப்புறம் எதைப் பார்த்தாலும் அதுவும் கூடவே வரும். சாம்பல்னா ஒண்ணும் சொல்லாம சும்மா நிக்கும்.”

நான் தலையாட்டினேன். நம்பவில்லை.

வேலை எப்படி என்றால், முதலில் அந்த ஆளின் நல்ல கண்ணைப் படம் எடுப்பாள். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, நிறத்தை ஒரு இழை கூட்டி ஒரு இழை குறைத்துச் சரி செய்வாள். அந்தக் கருவிழியைச் சின்னத் தாளில் அச்செடுத்து, பொட்டு மாதிரி வட்டமாக வெட்டி, கண்ணாடி போன்ற ஒரு குமிழுக்கு அடியில் பதிப்பாள். சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியைக் கையால் தீட்டுவாள். கண்ணில் ஓடுகிற சின்னச் சின்ன நரம்புக்குச் சிவப்பு நூலைப் பிரித்து, ஒற்றை இழையை வைத்து ஒட்டுவாள். கடைசியில் மெருகு போட்டுத் தண்ணீரில் கழுவி எடுத்தால், அது நம்மைப் பார்க்கும். முதல் தடவை பார்த்தபோது நான் வாசல் வரைக்கும் ஓடினேன்.

இத்தனைக்கும் நடுவில் இருப்பது மானிட்டர். திரையில் தெரிகிற நிறத்தை நம்பித்தானே அச்செடுக்கிறாள்? திரை பொய் சொன்னால் கண்ணும் பொய்.

அடுத்த தெருத் தையற்காரிக்குக் கண் செய்யும்போதுதான் அந்தப் பொய் வெளியே வந்தது. அவளுக்கு நாற்பது வயசு இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மிஷினில் ஊசி உடைந்து தெறித்து இடது கண் போயிற்று. அன்றிலிருந்து கறுப்புக் கண்ணாடி. அவள் கடை, அவள் வைத்த பெயர்ப்பலகை; ஆனால் வருகிறவர்களுக்கு அளவெடுக்க முன்னால் நிற்க மாட்டாள். பின்பக்கம் உட்கார்ந்து வெட்டுவாள். “அளவு நாடாவப் பாக்காம எல்லாரும் என் கண்ணாடியத்தாம்மா பாக்கறாங்க. இடுப்பு எவ்ளோன்னு கேட்டா ‘ஐயோ பாவம்’ங்கறாங்க” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் கண் பழுப்பு. சும்மா பழுப்பு இல்லை. நடுவில் கறுப்புப் புள்ளியைச் சுற்றித் தேன் ஊற்றியது போல ஒரு வளையம். என் மருமகள் செய்த முதல் கண் செங்கல் நிறத்தில் வந்தது. இரண்டாவது காப்பிக்கொட்டையாக வந்தது. தையற்காரி கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள், கோபப்படவில்லை. அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை.

“இன்னும் ஒரு தடவை பாக்கலாம்க்கா. அதுவும் வரலைன்னா விட்டுடலாம். இந்தக் கண்ணாடியே என்னோட இருந்துட்டுப் போகட்டும்.”

அன்று சாப்பாட்டு மேஜையில் என் மருமகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “தப்பு என் கண்ணுலதான். வயசாகுது. நிறம் நழுவுது.”

என் மகன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் பழுது பார்க்கிற புத்தி. “உன் மானிட்டருக்கு என்ன வயசு?”

“பதினொண்ணு.”

“பதினோரு வருஷமா யாரும் கைவெக்காத லிஃப்ட்டுன்னா நானே படியேறித்தான் போவேன். நீ அதை நம்பிக் கண்ணு செய்யறே!”

அவள் நிறம் அளக்கிற கருவியை எடுத்து வந்தாள். வயரோடு ஒரு சின்ன டப்பா. திரை மேல் தொங்கவிட்டால் நிறங்களைப் பார்த்துக் கணக்குச் சொல்லும். கணக்குச் சொன்னது: வெள்ளை மஞ்சளாகிவிட்டது, நீலம் வற்றிவிட்டது, இனி இதைச் சரி செய்ய முடியாது. நான் துள்ளினேன். “பாத்தியா? திரைதான்!”

“பாதி திரை அத்தை. மிச்சம் நானா இருக்கலாம்” என்றாள். அப்புறம் ஒரு விரலை நீட்டினாள். “புதுசு வாங்கறேன். புதுசுலயும் தப்பா வந்தா, அறையப் பூட்டிடுவேன். அதுக்கப்புறம் யாரும் என்கிட்ட எதுவும் சொல்லக் கூடாது.”

சாவி திருகுவது போல விரலைத் திருகிக் காட்டினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நானும் கடைக்கு வருவேன் என்று சொல்லிவிட்டேன். எதற்கு என்று மகன் கேட்டான். “நான் வருவேன்” என்றேன். அதுக்கு மேல் அவன் கேட்கவில்லை, என்னைத் தெரியும்.

கடையா அது! உள்ளே போனதும் எனக்குத் தலை சுற்றியது. சுவர் முழுக்கத் திரை. திரை முழுக்க மீன், பழம், எரிமலை. ஒரு கிளி கண்ணைப் பறிக்கிற பச்சையில் சிறகடித்தது. நடுவில் வில் போல வளைந்த பெரிய மானிட்டர் ஒன்று. அதில் தர்பூசணியை வெட்டினார்கள், சாறு என் மேல் தெறிக்கும் போல இருந்தது.

“இதுதான்! இதையே எடு!” என்றேன். கடைப் பையனுக்கு வாயெல்லாம் பல். பையன் என்றால் முப்பது வயசு இருக்கும், கழுத்தில் அட்டை தொங்கியது.

“பாட்டிக்கு நல்ல டேஸ்ட் மேடம். கேமிங்குக்கு இதை அடிச்சிக்க ஆளே இல்ல.”

என் மருமகள் தர்பூசணியை முறைத்துப் பார்த்தாள். “இந்த உலகத்துல எங்கயும் இந்தச் சிவப்புல பழம் இல்லைங்க. எனக்கு அழகா காட்டற மானிட்டர் வேண்டாம். உள்ளதைக் காட்டறது வேணும்.”

“அப்படின்னா...?”

“ஐபிஎஸ் பேனலா இருக்கணும், எந்தப் பக்கம் நின்னு பார்த்தாலும் நிறம் மாறக் கூடாது. பளபளப்பு இருக்கக் கூடாது, மேட் ஃபினிஷ். பத்து பிட், ஒரு நிறத்துல எத்தனை சாயல் இருக்கோ அத்தனையும் தெரியணும். வெளி வெளிச்சம் படாம சுத்தியும் நிழல் தட்டி மாட்ட வசதி இருக்கணும். நிறத்தை மானிட்டருக்குள்ளயே திருத்தி வெக்கற மாதிரி இருக்கணும்.”

அந்தப் பையன் நிமிர்ந்து நின்றான். இத்தனை நேரம் மேடம் என்றவன், இப்போது பள்ளிக்கூடத்து ஆசிரியரைப் பார்ப்பது போலப் பார்த்தான். மூன்று மானிட்டரை எடுத்து வந்து மேஜையில் வரிசையாக வைத்தான். எல்லாம் கறுப்புச் சட்டம், அலங்காரம் இல்லாத முகம். எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

அவள் பென் டிரைவை நீட்டினாள். எரிமலையும் கிளியும் போய், மூன்று திரையிலும் ஒரே சாம்பல் வந்தது. திரை முழுக்கச் சும்மா சாம்பல். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏம்மா, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? சாம்பலைப் பாக்கவா?”

“நல்லாப் பாருங்க அத்தை. முதல் திரையில வலது மூலையப் பாருங்க.”

பார்த்தேன். அட! விரிப்பை அவசரமாக அலசிக் காயப்போட்டால் ஓரத்தில் ஒரு திட்டு நிற்குமே, அதே மாதிரி இளஞ்சிவப்புத் திட்டு. “கறை!” என்று கத்திவிட்டேன். “இது சரியா அலசலை!”

“அதேதான்” என்று சிரித்தாள். முதல் மானிட்டர் வெளியே போயிற்று. இரண்டாவதை நேராகப் பார்த்தால் நன்றாக இருந்தது. அவள் நாற்காலியை விட்டு எழுந்து பக்கவாட்டில் போய் நின்றாள், குனிந்தாள், குதிகாலில் எம்பினாள். சாம்பல் ஒரு பக்கம் மஞ்சளாகிக்கொண்டே போயிற்று. அதுவும் போயிற்று. மூன்றாவதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அது அசையவில்லை. எங்கே நின்றாலும் அதே சாம்பல். எனக்கும் பரபரப்பு பற்றிக்கொண்டது. நானும் எம்பினேன், நானும் குனிந்தேன். கடைப் பையனும் குனிந்தான்.

“இப்ப கடைசி சோதனை” என்று கைப்பையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தாள். எனக்குத் தெரியும் அதில் என்ன இருக்கிறது என்று. சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் மூடியைத் திறந்துவிட்டாள்.

நாற்பது கண்கள். கறுப்பு, பழுப்பு, சாம்பல், பச்சை, எல்லாம் வரிசையாகக் கடைப் பையனைப் பார்த்தன.

அவன் பின்னால் நகர்ந்தான். எங்கேயோ முட்டிக்கொண்டான். விசைப்பலகை ஒன்று தடாலென்று விழுந்தது. “மேடம்! மேடம், என்ன மேடம் இது!”

“பயப்படாத தம்பி, கண்ணுதான்” என்று நான் ஆறுதல் சொன்னேன். அது ஆறுதலாக இல்லை போலிருக்கிறது.

அவள் அவனைக் கவனிக்கவே இல்லை. மாதிரிக்கு என்று செய்து வைத்திருந்த அந்தக் கண்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரையில் இருக்கிற அதன் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பச்சைக்குப் பச்சை. பழுப்புக்குப் பழுப்பு. தேன் நிறக் கண் ஒன்றை வைத்தாள். கையில் இருப்பது எது, திரையில் இருப்பது எது என்று எனக்கே ஒரு நொடி குழம்பியது.

“இதையே கட்டிக் கொடுங்க” என்றாள். பையன் தூரத்திலிருந்தே தலையாட்டினான். பதினைந்து நாளில் ஆள் அனுப்பித் திரையில் எரியாத புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்போம் என்றான். “யாராவது வேற ஆளை அனுப்பச் சொல்றேன்” என்று சேர்த்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்ததுதான் எல்லாக் கூத்துக்கும் காரணம். அது எனக்கு அப்போது தெரியாது.

நான் என்ன நினைத்தேன் என்றால், வீட்டுக்கு இவ்வளவு பெரிய பொருள் வந்திருக்கிறது, அவள் பத்து வருஷக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்காருவதா? முதல் நாளே அந்தக் கோட்டை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டேன். அவளுக்கு என்று நான் துணி வாங்கி, அதே தையற்காரியிடம் கொடுத்துத் தைத்து வைத்த சட்டை ஒன்று இருந்தது. நல்ல ஆரஞ்சு. பழுத்த ஆரஞ்சு. அதை நீட்டினேன்.

“கோட்டு எங்க அத்தை?”

“ஊறுது. இன்னிக்கு இதைப் போடு.”

“அத்தை, அந்த அறையில நான்...”

“ஒரு நாள் போட்டா குறைஞ்சா போயிடுவே? எனக்காகப் போடு.”

சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளும் குதூகலத்தில் இருந்தாள். போட்டுக்கொண்டாள். அழகாகத்தான் இருந்தாள். இப்போதும் சொல்வேன், அழகாகத்தான் இருந்தாள்.

மானிட்டரை மேஜையில் ஏற்றி, அரை மணி நேரம் சூடேறட்டும் என்று விட்டாள். மகன் சுற்றிலும் நிழல் தட்டியை மாட்டினான். கருவியைத் திரையில் தொங்கவிட்டாள். அது பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்க, அடியில் சிவப்பு, பச்சை, நீலம், ஐம்பது விதச் சாம்பல் என்று ஒவ்வொன்றாக வந்து வந்து போயிற்று. கடைசியில் எல்லாம் சரி என்றது. என் மகன் விசிலடித்தான்.

அப்புறம் தையற்காரியின் கண் திரையில் வந்தது. கை அகலத்துக்கு ஒரு கண். தேன் வளையத்துக்குள்ளே சின்னச் சின்னக் கோடுகள், காய்ந்த ஆற்றுப்படுகை மாதிரி. பழைய திரையில் இது எதுவும் தெரிந்ததே இல்லை. மருமகள் அச்செடுத்தாள், விளக்கடியில் மேஜை மேல் வைத்தாள், திரையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். “தாள்ல சிவப்பு கூட இருக்கே” என்று அச்சுக்குப் போகிற நிறத்தில் மட்டும் குறைத்தாள். மறுபடி அச்சு. மறுபடி பார்த்தாள். இன்னும் கொஞ்சம் குறைத்தாள். சாயங்காலத்துக்குள் ஏழு அச்சு. ஏழாவதை வைத்ததும் கையைத் தட்டினாள்.

“வாங்க! வந்து பாருங்க!”

ஓடினோம். திரையில் ஒரு கண், தாளில் ஒரு கண். ஒரே கண். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அந்த அச்சை வாசலுக்கு எடுத்துப் போனாள், பகல் வெளிச்சத்தில் பார்க்க. போனவள் உள்ளே வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். அவள் உள்ளங்கையில் இருந்த கண்ணில் பாசி படிந்திருந்தது. தேன் எங்கேயும் இல்லை. குட்டைத் தண்ணீரின் பச்சை.

“நேத்து சரியா இருந்துச்சு அத்தை.” அழவில்லை. அழுதிருந்தால் நான் திட்டியாவது இருப்பேன். “திரை சரி. கருவி சரின்னு சொல்லுது. மிச்சம் யாரு? நான்தான்.”

உள்ளே போய்த் தூரிகைகளைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். அறையைப் பூட்டிச் சாவியை என் கையில் வைத்தாள். “நீங்களே வெச்சுக்கோங்க.”

அந்தச் சாவி அரைக் கிலோ இருக்கும் போலக் கனத்தது. பத்து மணிக்குத் தையற்காரி வருவதாக இருந்தது. வந்தாள். கையில் ஒரு நூல்கண்டு வேறு. “நரம்புக்குச் சிவப்பு நூல் வேணும்னீங்களே அக்கா, என் கடையிலயே நல்லதாப் பாத்து எடுத்துட்டு வந்தேன்” என்றாள். என் மருமகள் எதிரே நின்று, “என்னால முடியலை. வேற எடத்துல சொல்றேன், போய்ப் பாரு” என்றாள்.

தையற்காரி நூல்கண்டை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அப்போது கொடியில் காய்ந்த ஆரஞ்சுச் சட்டை அவள் கண்ணில் பட்டது. தான் தைத்ததாயிற்றே.

“போட்டுப் பாத்தீங்களா அக்கா? தோள் சரியா இருந்துச்சா?”

“கன கச்சிதம்” என்று நான் முந்திக்கொண்டேன். “புது மானிட்டர் வந்த அன்னிக்கு நாள் முழுக்க அதைப் போட்டுக்கிட்டுத்தான் வேலை செஞ்சா.”

தையற்காரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். “அந்தச் சாம்பல் அறையிலயாம்மா? இதைப் போட்டுக்கிட்டா?”

“ஏன், என்ன இப்போ?”

“எங்க கடையில போட்டுப் பாக்கற அறைக்கு நான் வெள்ளைத் திரைச்சீலை தவிர எதுவும் மாட்ட மாட்டேம்மா. ஒரு தடவை சிவப்புத் திரை மாட்டினேன். உள்ள போன பொம்பளைங்க எல்லாம் ‘இந்தத் துணி எனக்கு எடுக்கலை’ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. திரையோட சிவப்பு முகத்துல அடிச்சிருக்கு.”

“சட்டை என்ன பண்ணும்? அது பாட்டுக்கு இருக்கு!” என்றேன். நான் விடுவேனா?

என் மருமகள் என் முன்னால் கையை நீட்டினாள். சாவிக்கு.

நால்வருமாக அறைக்குள் போனோம்; இதை எழுதுகிற என் பேத்தியும் வந்தாள், பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னவள். மானிட்டரைப் போட்டார்கள். விளக்கைப் போட்டார்கள். பாசிக் கண்ணை மேஜையில் வைத்தார்கள். திரையில் தேன், தாளில் பாசி. தையற்காரி கொடியிலிருந்து சட்டையை உருவி வந்து, ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி மேஜை முன்னால் விரித்துப் பிடித்தாள்.

தாளில் தேன் ஊறியது.

“எடு!” என்றாள் மருமகள். எடுத்தாள். பாசி. “வை!” வைத்தாள். தேன். “எடு, எடு!” பாசி. அறை முழுக்க எங்கள் கூச்சல். பேத்தி குதித்தாள். நான் மட்டும் குனிந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பாழாய்ப்போன சட்டையின் நிறம் விளக்கு வெளிச்சத்தில் தெறித்துத் தாளில் போய் விழுந்திருக்கிறது; அந்த ஆரஞ்சைத் தாளின் சிவப்பு என்று நினைத்து அவள் குறைத்துக் குறைத்து, கடைசியில் பாசியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள்.

“அக்கா, உங்க கண்ணு தப்புப் பண்ணலை” என்றாள் தையற்காரி. “ஒரு சட்டையோட நிழல் விழுந்தாக்கூட அதை விடாம பிடிச்சிருக்கு. இந்தக் கண்ணப் போய் வயசாயிடுச்சுங்கறீங்களே!”

என் மருமகள் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. என்னைப் பார்த்து, “அத்தை, கோட்டு காஞ்சிடுச்சா?” என்று கேட்டாள்.

“காஞ்சிருக்கும்” என்றேன். “ஆனா சட்டை அழகா இருந்துச்சு. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.”

அன்று மத்தியானமே கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாவது அச்சிலேயே பொருந்திவிட்டது. வாசல் வெளிச்சத்தில் பார்த்தாள், மரத்தடியில் பார்த்தாள், எதிர்வீட்டு நிழலில் போய்ப் பார்த்தாள். எங்கேயும் தேன் தேனாகவே இருந்தது. வெள்ளைப் பகுதியைத் தீட்டி, தையற்காரி கொண்டுவந்த நூலையே பிரித்து நரம்பு வைத்தாள். ஐந்தாம் நாள் பொருத்தினாள்.

தையற்காரி கண்ணாடி முன்னால் நின்றாள். இடது பக்கம் திரும்பினாள், வலது பக்கம் திரும்பினாள். பிறகு கண்ணாடியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தாள். இரண்டு கண்ணாலும். நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை, ஏதோ உளறினேன்.

பதினைந்தாம் நாள் மானிட்டரைப் பார்க்க ஆள் வந்தான். வேற ஆள் கிடைக்கவில்லை போலும், அதே பையன்தான். வாசலிலேயே நின்று, “அந்தப் பெட்டி உள்ள இருக்கா மேடம்?” என்று கேட்டான்.

“பூட்டி வெச்சிருக்கேன், வாங்க” என்றாள் மருமகள். தையற்காரியும் ஏதோ பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள். அவன் திரையைக் கறுப்பாக்கிப் பார்த்தான், வெள்ளையாக்கிப் பார்த்தான், குறை ஒன்றும் இல்லை என்றான். கிளம்பும்போது ஆர்வம் தாங்காமல், “இதுல செஞ்ச கண்ணு யாராவது போட்டிருக்காங்களா மேடம்?” என்றான்.

“இந்த அறையிலயே இருக்கு. யாருன்னு நீங்களே சொல்லுங்க” என்றாள்.

அவன் ஒவ்வொருவராகப் பார்த்தான். தையற்காரியின் முகத்தை நன்றாகப் பார்த்தான். அவள் இமைக்காமல் அவனையே பார்த்தாள். மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருந்தாள், எனக்குத் தெரிந்தது. அவன் அவளைத் தாண்டினான். என்னிடம் வந்து நின்றான்.

“பாட்டியோட வலது கண்ணு. கொஞ்சம் மங்கலா இருக்கு, இல்ல மேடம்?”

தையற்காரி சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. என் மருமகள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்தப் பையனை நாலு வார்த்தை கேட்டேன். அதை எழுத வேண்டாம். மறுநாளே தையற்காரி கடை முன்பக்கத்துக்கு வந்து, கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அளவு நாடாவோடு நின்றாள். நான்தான் முதல் ஆளாகப் போய்ச் சட்டைக்கு அளவு கொடுத்தேன். “மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்கம்மா, உள்ளதச் சொல்லுங்க” என்று என்னையே அதட்டினாள்.

அந்தப் பொட்டலத்தில் இருந்தது ஒரு புதுக் கோட்டு. சாம்பல் நிறம், அதே நீளம், அதே பை. மருமகள் பிரித்து உதறினாள். உள்பக்கம் முழுக்க, வெளிச்சம் படாத இடத்தில், நான் வாங்கிக் கொடுத்த ஆரஞ்சுத் துணியில் மிஞ்சியதை வைத்துத் தைத்திருந்தாள் தையற்காரி.

“வெளியில அக்காவுக்கு, உள்ள உங்களுக்கும்மா” என்றாள்.

மருமகள் அதைப் போட்டுக்கொண்டு பொத்தானைக் கழுத்து வரைக்கும் மாட்டினாள். துளி ஆரஞ்சு வெளியே தெரியவில்லை. நான் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கைமடிப்பில் ஒரு விரல் அகலத்துக்காவது தெரிகிற மாதிரி வைத்திருக்கலாமே என்றேன்.

“முடியாது அத்தை” என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கேட்டு வைப்பதில் என்ன தப்பு? நாளைக்கும் கேட்பேன்.